பூதத்தான் மாடு முட்டிய மோட்டார்

வக்கீல் பாக்கியசீலனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும். அது மறுநாள் காலை வரைக்குமாவது நிற்க வேண்டும்.

கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்புச் சாட்சிக்கு நாக்கு வறண்டுவிடும். வீட்டுப் படியேறும்போது அதே வறட்சி அவருக்கு வந்துவிடும். இத்தனை வருஷத்தில் கெசியா அம்மாளிடம் அவர் சொன்ன பொய்களெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடிபட்டவை. பிடித்ததும் அவள் கோபித்துக்கொள்வாளா என்றால் அதுவும் இல்லை. சிரிப்பாள். அதைத்தான் அவரால் தாங்கமுடியாது.

அப்பேர்ப்பட்டவர் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் மோட்டார் ஒன்றை வாங்கிவிட்டார். ஜில்லாவில் இருந்த மோட்டார்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. வண்டி வந்த அன்று பாளையங்கோட்டையில் பாதி அவர் வாசலில் நின்றது. கெசியா அதை ஒருதரம் சுற்றிவந்து பார்த்தாள். ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

"ஓட்டத் தெரிஞ்சவங்க மட்டுந்தான் இந்தச் சக்கரத்தத் தொடணும். நீங்க பின்னால உக்காந்து வாங்க. நீங்க தொட்டியன்னு தெரிஞ்சா மறுநாளே வித்துப்புடுவேன்."

"நான் படிச்சவன், கெசியா."

"படிச்சவிய புஸ்தகத்த ஓட்டுங்க. நடந்து போகயிலயே வாசக்கால்ல முட்டுதிய."

மேலப்பாளையம் அலி அக்பர் டிரைவராக அமர்ந்தார். அவர் ஓட்டினால்தான் பொறுப்பு என்று பட்டணத்து இன்சூரன்சு கம்பெனியும் சொல்லிவிட்டது. காலையில் வக்கீலைக் கோர்ட்டில் இறக்கிவிட்டு வண்டி வீட்டுக்குத் திரும்பிவிடும். வெயிலில் நின்றால் ரப்பர் கெட்டுப்போகும் என்பது கெசியாவின் கட்சி. பெட்ரோல் மட்டும் ஏனோ சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. கேட்டால் அலி அக்பர், "மிசினுக்குப் பசி சாஸ்திய்யா" என்று ஆகாயத்தைப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம் வண்டியைக் கோர்ட்டு வாசலிலேயே விட்டுவிட்டு அலி அக்பர் ஜும்மாத் தொழுகைக்குப் போவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, கோர்ட்டு சீக்கிரமே கலைந்துவிட்டது. பாக்கியசீலன் மோட்டாரைப் பார்த்தார். மோட்டார் பாக்கியசீலனைப் பார்த்தது. வாசலில் ஓர் ஈ காக்கை இல்லை.

கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பி ஏறி உட்கார்ந்தார். வண்ணார்பேட்டைச் சாலையில் கொஞ்ச தூரம் அவர்தான் சக்கரவர்த்தி. யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். சாலை திரும்பியது, அவர் திரும்பவில்லை. எதிரே ஒரு புளியமரம் நின்றது.

"ஆண்டவரே, காப்பாத்தும்! ஸ்தோத்திர காணிக்கை போட்டுருதேன்!"

டமார்! இடது பக்கத்து விளக்கு தூள். மட்கார்டு சப்பளிந்துவிட்டது. வக்கீலுக்கோ ஒரு சிராய்ப்பு இல்லை. மூக்குக்கண்ணாடிகூட மூக்கைவிட்டு அசையவில்லை. வண்டியைப் பைய உருட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கோர்ட்டு வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். தொழுகை முடித்து வந்த அலி அக்பர் வண்டியைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"நீரு பள்ளிவாசல்ல இருந்தீரு. உமக்கு ஒண்ணும் தெரியாது, வே" என்றார் பாக்கியசீலன். அலி அக்பர் வாயை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் கெசியா வாசலிலேயே நின்றாள்.

"விளக்கு எங்க?"

"மாடு முட்டிட்டு."

"எந்த மாடு?"

ஆள் பேரும் அடையாளமும் இல்லாத பொய் கோர்ட்டில் நிற்காது என்பது வக்கீலுக்குத் தெரியும். ஊரில் அவருக்குப் பேர் தெரிந்த வண்டிக்காரன் ஒருத்தன்தான்.

"நம்ம பூதத்தான் மாடு. வண்டி கோர்ட்டு வாசல்ல தேமேன்னு நிக்கி. அவன் வண்டியப் பத்திக்கிட்டு வந்தான். மாடு மிரண்டு ஒரே முட்டு."

"எப்போ?"

"மத்தியானம். சாப்பாட்டு நேரம்."

"அவன்கிட்ட ரெண்டு மாடுல்லா? எது முட்டிச்சு?"

"இடத்து மாடு. வெள்ளை."

"அது சாம்பல் மயிலையில்லா?"

"மத்தியான வெயில்ல மயிலையும் வெள்ளையாத்தான் தெரியும்."

கெசியா அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். "மாட்டுக்கு அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல."

"ஸ்தோத்திரம்" என்று உள்ளே போய்விட்டாள். சிரிக்கவில்லை! பாக்கியசீலன் அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார். பொய் நின்றுவிட்டது.

காலையில் அது நடக்கவே ஆரம்பித்துவிட்டது.

"கம்பெனிக்கு எழுதிப் போட்டாச்சு" என்றாள் கெசியா. "நின்ன வண்டிய மாடு முட்டினா அவுக குடுக்கணும்லா?"

"ஒரு விளக்குக்காகவா பட்டணத்துக்கு எழுதணும்? நானே கொல்லன்கிட்டச் சொல்லிச் சரிபண்ணிருதேன்."

"ஞாயம்னு ஒண்ணு இருக்குல்லா. ஒரு வக்கீலு இப்படிச் சொல்லலாமா?"

பாக்கியசீலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூதத்தான் வீட்டுக்கு ஓடினார்.

"ஏலே, யாரும் கேட்டா உன் மாடு என் மோட்டார முட்டிச்சுன்னு சொல்லணும்."

"எம்மாடு ஈயக்கூட முட்டாதே, ஐயா!"

"முட்டிச்சுலே. வெள்ளிக்கிழம மத்தியானம் முட்டிச்சு."

"வெள்ளிக்கிழமயா?" பூதத்தான் தலையைச் சொறிந்தான். "அன்னைக்கு மத்தியானம் நான்..."

"பேசாதலே. முட்டிச்சு."

"கேஸு வருமா, ஐயா?"

"வந்தா நான்தாம்லே உனக்கு வக்கீல்."

அது பூதத்தானுக்கு ஆறுதலாக இருந்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கம்பெனி இன்ஸ்பெக்டர் ஜேசுதாசன் வந்து இறங்கினார். உத்தியோகம் பட்டணத்தில், சொந்த ஊர் நாசரேத்து. உடைந்த விளக்குக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தார்.

"புளியம்பட்டை மாதிரி இருக்கே, அண்ணாச்சி?"

"அந்த மாடு எப்பவும் புளியமரத்துலதான் கொம்பு தீட்டும்" என்றார் பாக்கியசீலன்.

மாட்டைப் பார்க்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். பூதத்தான் மயிலையை ஓட்டிவந்தான். அது மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்துச் சந்து வழியாக நேரே புறவாசலுக்குப் போய், அடுப்படிக் கதவில் மூக்கை வைத்து "ம்மா" என்றது. உள்ளேயிருந்து கெசியாவின் கை வாழைப்பழத் தோலோடு நீண்டது.

"ரொம்பப் பழகின மாடுபோல" என்றார் ஜேசுதாசன். கொம்பைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு கொம்பும் பின்னாலல்லா வளைஞ்சிருக்கு. பின்னுக்கு நடந்து வந்தா முட்டிச்சு, அண்ணாச்சி?"

அதற்குள் கெசியா வந்துவிட்டாள். "முதல்ல சாப்புடுங்க, அண்ணே. நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்து எழுதிக்கிடலாம்."

அந்த நிமிஷம் அவளைப்போல் ஒரு பெண்டாட்டி உலகத்தில் உண்டா என்று இருந்தது அவருக்கு. இவளிடமா பொய் சொன்னோம் என்று மனசு சுட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் மோட்டார் போய்விடும். அதை நினைத்ததும் சூடு தணிந்துவிட்டது.

இன்னொரு சங்கடம் மிச்சமிருந்தது. மரத்தின் முன்னால் ஆண்டவரிடம் சொன்ன சொல். மனைவியை ஏமாற்றலாம், ஆண்டவரை ஏமாற்ற முடியுமா? அவர்கள் கோயிலில் ஸ்தோத்திர காணிக்கையைச் சும்மா தட்டில் போட்டுவிட முடியாது. இன்ன காரணத்துக்காக என்று உபதேசியார் சபைக்கு முன்னால் வாசிப்பார். நல்லவேளையாக, பேரை மறைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்கியசீலன் முந்திப்போய், உபதேசியார் காதில் குசுகுசுவென்று சொல்லிக் காணிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆராதனைக்கு நடுவில் உபதேசியார் எழுந்தார்.

"பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரர், ஆபத்தில் காக்கப்பட்டதற்காகச் செலுத்தும் ஸ்தோத்திர காணிக்கை."

பாக்கியசீலன் மூச்சு விட்டார். பக்கத்தில் ஜேசுதாசன் பயபக்தியோடு கண்ணை மூடியிருந்தார்.

"அதே சகோதரர், வண்ணார்பேட்டைச் சாலையில் மோட்டாரைத் தாமே ஓட்டிப்போய்ப் புளியமரத்தில் முட்டியும், மூக்குக்கண்ணாடிகூட உடையாமல் காக்கப்பட்டதற்காக, அவருடைய மனைவி கெசியா அம்மாள் செலுத்தும் ஸ்தோத்திர காணிக்கை."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை முழுவதும். ஜேசுதாசன் கண்ணைத் திறந்து பாக்கியசீலனைப் பார்த்து, எல்லோரையும்விடச் சத்தமாக, "ஸ்தோத்திரம்!" என்றார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் கெசியாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் இலை போட்டதும் ஜேசுதாசன் சொன்னார்: "மாட்டு விசயத்த நான் எழுதப்போறதில்ல, அண்ணாச்சி. கோயில்ல கேட்டத எழுதினா ஆண்டவரையில்லா சாட்சிக்குக் கூப்பிடணும்."

பாக்கியசீலன் சோற்றைப் பிசைந்துகொண்டே கெசியாவைப் பார்த்தார். "உனக்கு யாரு சொன்னா? அலி அக்பரா?"

"அவர் வாயே திறக்கல. நீங்கதான் சொன்னிய. வெள்ளிக்கிழம மத்தியானம் பூதத்தான் நம்ம புறவாசல்ல விறகு இறக்கிட்டு நின்னான். அந்த மயிலைக்கு நாந்தான் கழனித்தண்ணி வச்சேன். அது எப்படிய்யா அதே நேரத்துல கோர்ட்டு வாசல்ல வந்து முட்டும்? வண்ணார்பேட்டைத் திருப்பத்துப் புளியமரத்தடியில விளக்குச் சில்லு கெடந்தத நானே பாத்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்லா?"

"நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன். மாட்டுக்கு அடிபட்டுச்சான்னு கேட்டேன். உங்களுக்குப் பட்டுச்சான்னு கேக்க முடியல. நீங்க தூங்கின பெறகு கையத் தூக்கிப் பாத்தேன், காலத் தூக்கிப் பாத்தேன்." அவள் அவர் இலையில் ரசத்தை ஊற்றினாள். "விளக்கு போனாப் போகுது. மண்டையில்லா அங்கன இருந்திருக்கும்."

பாக்கியசீலன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "இனிமே தொடமாட்டேன், கெசியா." பிறகு மெதுவாக, "மோட்டார வித்துருவியா?"

"எதுக்கு விக்கணும்? அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அவருக்கு உயிர் வந்தது. ரசத்துக்கு இன்னொரு கை சோறு கேட்டார். தண்டனையே இல்லாமல் தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பில், சாயங்காலம் வரை நன்றாகத் தூங்கியும்விட்டார்.

திங்கட்கிழமை காலை. கொல்லன் மட்கார்டை ஒருவழியாக நிமிர்த்தியிருந்தான். போன விளக்குக்குப் பதில் அரிக்கேன் விளக்கொன்று தொங்கியது. வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே பாக்கியசீலன் வெளியே வந்தார்.

அலி அக்பர் பின்சீட்டில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ரயிலுக்குப் புறப்பட்ட ஜேசுதாசன் முன்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. சக்கரத்தைப் பிடித்தபடி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கெசியா.

வீட்டுக்குத் திரும்பிய மிசினுக்குத் தினமும் ஏன் அத்தனை பசி என்பது வக்கீலுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நேத்து நீங்க தூங்கயில, அம்மா என்னய ஆத்துப்பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்தாங்க" என்றார் ஜேசுதாசன். "கம்பெனியில ஓட்டுறவங்களா அவங்க பேரயும் சேத்தாச்சு. நான் வந்ததே அதுக்குத்தானே, அண்ணாச்சி. மாடு நடுவுல வந்தது."

"ஓட்டத் தெரிஞ்சவங்க மட்டுந்தான் தொடணும்னு அன்னைக்கே சொன்னம்லா?" என்றாள் கெசியா. "ஏறுங்க. அண்ணனுக்கு ரயிலு போயிரும்."

பாக்கியசீலன் ஏறி அலி அக்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வண்ணார்பேட்டைச் சாலையில் மோட்டார் தண்ணீர் மாதிரி ஓடியது. திருப்பத்தில் கெசியா வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமலே அன்பாகச் சொன்னாள்:

"உங்க மரம் வருது. கண்ண மூடிக்கிடுங்க."

பாக்கியசீலன் மூடிக்கொண்டார்.