கோபுரம் வைத்த மீன் தொட்டி

வில்லாபுரத்தில் நீங்கள் எந்த வீட்டில் சாமி கும்பிட்டாலும், உங்களுக்கும் சாமிக்கும் நடுவில் அவர் செய்த கதவு ஒன்று இருக்கும். அவருடைய உண்மைப் பெயர் ஆதார் அட்டைக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘சாமிரூம்’ அண்ணன். வருடக்கணக்காகப் பூஜையறைக் கதவு செய்து செய்து, வேறு எதைச் செய்தாலும் கை அந்தப் பக்கமே போய்விடும். எதிர்வீட்டுக்காரர் செருப்பு வைக்க ஓர் அலமாரி கேட்டார். உச்சியில் கலசம் செதுக்கிக் கொடுத்துவிட்டார். அலமாரி இன்றுவரை காலி. செருப்பெல்லாம் வாசலில் கிடக்கிறது.

இவ்வளவும் தெரிந்தும், என் மீன் தொட்டிக்கு ஸ்டாண்டும், தொட்டியைச் சுற்றி மூடுகிற மாதிரி மரக்கூடும் அவரிடமே சொன்னேன். வேறு ஆள் தேட நேரமில்லை. வாளியில் வளர்த்த இரண்டு தங்கமீன்களும் திரும்பிப் படுக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டன. நாலடித் தொட்டி வாங்கியாயிற்று. ஆனால் குடியிருப்பது வாடகை மாடி. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“தளம் தாங்குமான்னு வெள்ளிக்கெழம வந்து பாப்பேன். எனக்குத் திருப்தி இல்லேன்னா, ஒண்ணு தொட்டி எறங்கணும், இல்ல நீங்க எறங்கணும்.”

அண்ணனிடம் புலம்பினேன். அவர் காதில் வாங்கியது ஒன்றைத்தான்.

“எம்புட்டுத் தண்ணி புடிக்கும்?”

“இருநூறு லிட்டர்ண்ணே.”

“அப்ப இருநூறு கிலோ. கண்ணாடி, கல்லெல்லாம் தனி.”

மூன்றாம் நாள் பட்டறைக்கு வரச் சொன்னார். வேங்கை மரத்தில் ஸ்டாண்டு தயாராக நின்றது. டீக்கடைக்காரரையும் ஒரு ஆட்டோ டிரைவரையும் கூப்பிட்டு அதன் மேல் உட்கார வைத்தார். என்னையும் ஏறச் சொல்லிவிட்டு, கடைசியில் தானும் ஏறிக்கொண்டார். நாலு பேரும் அரைமணி நேரம் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். ஸ்டாண்டு முனகக்கூட இல்லை. அப்போதும் நான் ஹவுஸ் ஓனரைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

“அவரு வீட்டு சாமிரூமும் நான் செஞ்சதுதான்” என்றார் அண்ணன்.

வியாழக்கிழமை கூடு வந்தது. உச்சியில் மூன்று நிலைக் கோபுரம். முன்னால் இரட்டைக் கதவு. கதவு முழுக்கப் பித்தளை மணி.

“அண்ணே, மீன் தொட்டிக்குத்தானே சொன்னேன்!”

“மீனுக்குத்தான் தம்பி. உசுர உள்ள வச்சு மூடுறோம். வெறும் பொட்டி மாதிரியா செய்வாக?”

அழாத குறையாகத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டேன்.

மறுநாள் காலை ஹவுஸ் ஓனர் மாடியேறி வந்தார். வரும்போதே, “தளம் தாங்காது, சொல்லிட்டேன்” என்று சத்தம். உள்ளே நுழைந்தவர் மூடிய கதவைப் பார்த்தார். அப்படியே பின்வாங்கி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எந்தச் சாமி?” என்று மெதுவாகக் கேட்டார்.

கதவைத் திறந்தேன். மணி கிணுகிணுத்தது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வந்தன. அவர் குனிந்து அவற்றைப் பார்த்தார்.

“மச்சாவதாரமோ?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். ஒருமுறை கும்பிட்டதைக் காலி பண்ணச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இப்போது வெள்ளிதோறும் வருகிறார். மணிச் சத்தம் கேட்டாலே இரை என்று மேலே வர மீன்களும் பழகிவிட்டன.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இன்னும் குடைகிறது. அண்ணன் கைப்பழக்கத்தில் செய்தாரா, ஹவுஸ் ஓனரின் குணம் அறிந்தே செய்தாரா? போன வருடம் அண்ணன் தன் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

“உண்மையச் சொல்லுங்கண்ணே, தெரிஞ்சுதான செஞ்சீங்க?”

“அத விடுங்க. மணிய ஒருக்கா ஆட்டுங்க தம்பி.”

போனைக் கதவருகே பிடித்துக்கொண்டு ஆட்டுவேன்.

“மேல வந்துருச்சா?”

“ரெண்டும் வந்துருச்சுண்ணே.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு. எந்த ஞாயிறாவது அவர் போன் வராவிட்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. மீனுக்குப் பசிக்கிறதோ இல்லையோ, மணியை ஆட்டிவிட்டு நானே அவரைக் கூப்பிடுகிறேன்.