சீருடையில் ஒரு விவசாயி

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையின் பேருந்து, மணவாள நகரில் நிற்பதற்கு வேறு இடமே இல்லாததுபோல், அன்புராஜ் முதலாளியின் லேத் பட்டறைக்கு நேர் எதிரில் வந்து நின்றது. தணிகைவேல் இளநீர் வண்டியின் பின்னால் பதுங்கியிருந்தான். புதிய வேலையில் அது அவனுக்கு முதல் நாள். நீல நிறச் சீருடையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையும் அச்செய்தியை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தன. சாலையைக் கடந்தால் பேருந்தில் ஏறிவிடலாம். ஆனால் பட்டறை வாசலில் முதலாளி நாற்காலி போட்டு அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரையில், தணிகைவேல் இந்நேரம் சோழவரத்தில் நாற்று நட்டுக்கொண்டிருக்க வேண்டியவன்.

ஓட்டுநர் இருமுறை ஒலியெழுப்பினார். முதலாளி தலை நிமிர்ந்தார். தணிகைவேல் மேலும் குனிந்தான். பேருந்து புறப்பட்டுச் சென்றது.

“இன்னா சார், எளநி வேணுமா, இல்ல சும்மா குந்திக்கினு கீறீங்களா?” என்றார் வண்டிக்காரர்.

தணிகைவேல் ஓர் இளநீரை வாங்கி, அதைக்கொண்டு முகத்தை மறைத்தவாறே அவ்விடத்தைவிட்டு அகன்றான்.

இத்துணைத் துன்பத்திற்கும் ஒரு பொய்யே காரணம். அதுவும் மரியாதையின் பொருட்டுச் சொல்லப்பட்ட பொய்.

அன்புராஜின் பட்டறை தணிகைவேலின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. காலையில் மகள் அருணாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்வான். மாலையில் அவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருவான். குறை ஒன்றே ஒன்று; ஊதியம் போதவில்லை. ஆனால் அப்பட்டறையில் ஊதிய உயர்வைக் கேட்டுப் பெறும் வழக்கம் இல்லை. ஆயுத பூசையன்று எந்திரங்களுக்குப் பொட்டிட்டுப் பூசணிக்காய் உடைத்தபின், முதலாளி ஒவ்வொருவராக அழைத்து, வெற்றிலைத் தட்டில் ஓர் உறையை வைத்துக் கொடுப்பார். உறையில் இருப்பதே அவ்வாண்டின் உயர்வு. வாய் திறந்து கேட்பதென்பது, பந்தியில் அமர்ந்துகொண்டு, பரிமாறுபவரின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது.

இந்நிலையில்தான் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று, ஒன்றரை மடங்கு ஊதியம் தருவதாக அவனை அழைத்தது. அவ்வளவு தூரம் தினமும் போய் வருவது தகுமா என்று கணவனும் மனைவியும் பல நாள் விவாதித்தனர். முதலில் முதலாளியிடம் ஒரு சொல் கேட்டுப் பார்க்கும்படி சுமலதா யோசனை கூறினாள்.

“தாலி எடுத்துக் குடுத்த மனுசன். அவராண்ட போய் சம்பளம் பத்தலன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது?”

“அப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு வேலைய உடப் போறீங்க?”

இக்கேள்விக்கு விடையாக ஒரு பொய்யைத் தேடிக் கண்டடைந்தான். மாமனார் முனுசாமிக்கு முடியவில்லை என்றும், அவருடைய சோழவரத்து வயலைத் தானே பார்க்கவேண்டியுள்ளது என்றும் முதலாளியிடம் தெரிவித்தான். அன்புராஜ் உள்ளம் உருகிப்போனார். மாலை வாங்கி வரச்செய்து, தொழிலாளர் அனைவரையும் கூட்டி, அவன் தோளில் கைவைத்துப் பேசினார்.

“எல்லாம் கம்பெனி கம்பெனின்னு ஓடுறானுங்க. நம்ம தணிகை மண்ணத் தேடிக்கினு போறான். கத்துக்கோங்கடா.”

மாலையின் கனத்தில் தணிகைவேலின் கழுத்து வளைந்தது.

முதல் நாள் பேருந்தைத் தவறவிட்டவன், மறுநாள் முதல் ரயிலில் செல்வதென முடிவு செய்தான். சீருடையின்மேல் பழைய சட்டையை அணிந்து, முதல் வண்டியைப் பிடித்தான். வடகிழக்கில் இருக்கும் ஊருக்குச் செல்ல, கிழக்கே சென்னைக்குள் புகுந்து, பேசின் பிரிட்ஜில் மாறி, அத்திப்பட்டு, பொன்னேரி வழியாகத் திரும்பவும் வெளியேறினான். பெரியபாளையம் வழியாகப் பேருந்து போய்ச் சேரும் நேரம், அவனுக்கு இரு மடங்காயிற்று. அவன் புறப்படும்போது அருணா உறங்கிக்கொண்டிருந்தாள், திரும்பும்போதும் உறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாயிடம் மெல்லிய குரலில் வினவினாள்.

“இன்னாம்மா, அப்பா இன்னிக்கு ஊட்டுல கீறாரு? ஒடம்பு சரியில்லியா?”

தணிகைவேல் அதைக் கேட்டும் கேளாதவன்போல் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

அறுவடைக் காலம் வந்தது. முதலாளியின் தொலைபேசி அழைப்பும் வந்தது. பட்டறையில் எல்லாருக்கும் மதிய உணவு அங்கேயே சமைக்கப்படுவது வழக்கம். அதற்குத் தணிகைவேலின் வயலிலிருந்து இரண்டு மூட்டை அரிசி வேண்டும் என்றார். கடை அரிசியில் ருசியே இல்லை என்று குறைபட்டார். மறுக்க இயலாத தணிகைவேல், புதிய வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு செங்குன்றத்து அரிசி ஆலைக்குச் சென்று இரண்டு மூட்டை வாங்கினான். அச்சடித்த பையிலிருந்து அரிசியைச் சாதாரணக் கோணிக்கு மாற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். அன்புராஜ் முதற் கவளத்தை உண்டு கண்களை மூடினார்.

“மண்ணு வாசன தனியாத் தெரியுது நைனா.”

சமையற்காரர் பச்சையப்பன் மட்டும் தணிகைவேலின் காதருகே குனிந்தார். “எப்பவும் வாங்குற மில்லு அரிசி மாதிரியே கீதேப்பா.”

அரிசியின் சுவையில் மயங்கிய முதலாளி, அடுத்த ஞாயிறு குடும்பத்துடன் வயலைக் காண வருவதாக அறிவித்தார். அந்த வயலோ குத்தகைக்கு விடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. ஏரி உபரிநீர் புகுந்து, அறுக்காத மீதிப் பயிரோடு வயல் மூழ்கிக் கிடக்கிறது என்று தணிகைவேல் ஒரே மூச்சில் கூறி, அவரது வருகையைத் தடுத்தான். தன் சாமர்த்தியத்தை எண்ணி அன்று மாலை வரை மகிழ்ந்துமிருந்தான்.

மாலையில் ஒரு டெம்போ அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து புத்தம் புதிய நீரிறைக்கும் மோட்டாரும், சுருள் சுருளாகக் குழாயும் இறக்கப்பட்டன. உடனே முதலாளி தொலைபேசியில் வந்தார்.

“தண்ணிய எறச்சு உட்டு பயிரக் காப்பாத்து. துட்டு கிட்டு பத்திப் பேசினா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

இரு அறைகள் கொண்ட அவ்வீட்டில், மோட்டார் நடைவழியை அடைத்துக்கொண்டது. அருணா அதன்மேல் அமர்ந்து தனியே பாடம் படித்தாள். வீட்டின் உரிமையாளர் மோட்டாரையோ குடும்பத்தையோ அப்புறப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடுமாறு சுமலதா வற்புறுத்தினாள். தணிகைவேலும் ஒருநாள் பட்டறை வாசல்வரை சென்றான். உள்ளே அவனுடைய எந்திரத்தின் முன் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். அந்த இடம் இனித் தனக்கில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வந்த வழியே திரும்பினான்.

இறுதியில் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே தீர்வு, கும்மிடிப்பூண்டிக்கே குடிபெயர்வதுதான் என்று முடிவாயிற்று. சுமலதா தன் தையற்கூட வேலையை விட்டாள். அருணா தன் வண்ணப் பென்சில்களைப் பள்ளித் தோழிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து விடைபெற்றாள். கட்டில், பாத்திரங்கள், மோட்டார் ஆகியன லாரியில் ஏறின.

சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில், கன்னியம்மா என்பவரின் வீட்டில் ஒரு பகுதி கிடைத்தது. பால் காய்ச்சி முடித்தபின் தணிகைவேல் ஒரு பெருமூச்சு விட்டான். இனி அருணா விழித்திருக்கும் நேரத்தில் வீடு திரும்பலாம். ஒருவேளை எல்லாம் நன்மைக்கே நடந்திருக்கலாம்.

கன்னியம்மா பாலை ஊதிக் குடித்தவாறே அவனுடைய சீருடையைக் கண்டு மலர்ந்தார்.

“அட, நீங்களும் அதே கம்பெனியா? உங்களுக்கு முன்ன இங்க இருந்த எட்வர்ட் தம்பியும் அங்கதான். அங்கயும் லேத்து வேலைதான். இப்ப மணவாள நகர்ல ஒரு லேத் பட்டறையில சேந்துடுச்சு.”

தணிகைவேல் தம்ளரைக் கீழே வைத்தான். “அங்க... சம்பளம் கம்மியா இருக்குமே?”

“கம்மியா? கும்மிடிப்பூண்டில தர்றதத் தந்தா வரேன்னு வாயத் தொறந்து கேட்டுச்சாம், ஒடனே சரின்னுட்டாராம் அந்த மொதலாளி. ‘இதுக்கு முன்ன இருந்தவன் ஒரு வார்த்த கேட்டிருந்தா அவனுக்கே குடுத்திருப்பேன், கேக்காமயே பயிர் வைக்கப் போயிட்டானே’ன்னு தெனம் சாப்புடும்போது சொல்லிக்கினே கீறாராம்.”