சரித்திரம் வேண்டாமுங்க, நாவல்ல போடுங்க

எழுத்தாளரைக் கண்டால் ஜனங்கள் கும்பிடுவார்கள். இல்லையென்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தார்கள் என்றால், அது இந்தப் பூமியிலேயே ஒரே ஒரு எழுத்தாளருக்குத்தான். காந்திபுரத்தில் எங்கள் அச்சகம் இருந்த தெருவில் அவருக்கு மூஞ்சிக்காரர் என்று பெயர். எங்கள் ஊர் மரியாதைப்படி, மூஞ்சிக்காரருங்க.

அன்னூரிலிருந்து பஸ் ஏறி வருவார். எழுபது வயது, ஒட்டடைக் குச்சி உடம்பு, தோளில் ஒரு ஜோல்னாப் பை. பைக்குள் எப்போதும் இரண்டு புத்தகங்கள் அரைகுறையாகக் கிடக்கும். ஒன்று குழந்தைகளுக்கான சரித்திரம், பக்கத்துக்குப் பக்கம் அவரே வரைந்த வண்ணப்படம். இன்னொன்று சாகச நாவல். காலையில் பட்டாபிஷேகம் வரைந்த கை மத்தியானம் ஒருத்தனை முதலை வாயில் தள்ளும். நடுவில் தேனீ வளர்ப்பு, பல் பாதுகாப்பு என்று சில்லறை நூல்களும் உண்டு.

இத்தனை கற்பனை இருந்தும் முகம் மட்டும் அவருக்குக் கற்பனையில் வராது. எதிரே இருக்கிறவரைப் பார்த்துத்தான் வரைவார். டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் உத்துப் பார்ப்பார்.

முதலில் மாட்டியவர் டீக்கடை ரங்கண்ணன். சரித்திரத்தில் அவரை ராஜாவாக்கினார். ரங்கண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து பாய்லருக்கு மேலே ஒட்டினார். மாசம் திரும்பவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அஞ்சலி போஸ்டர் அடிக்க எங்களிடம்தான் வந்தார்கள். வீட்டில் ஒழுங்கான போட்டோ இல்லை. “அந்த ராசா படத்தையே போட்டுருங்க” என்றாள் அவர் மகள். கிரீடமும் முத்துமாலையுமாக ரங்கண்ணன் காந்திபுரம் பூராவும் சுவரில் நின்றார். விஷயம் தெரியாதவர்கள் பஸ்ஸுக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர். தளபதியாக வந்தார், போனார். அதற்கடுத்தது எங்களிடம் புரூஃப் பார்த்த வாத்தியார். புலவராக வந்தார், புத்தகத்தைக் கையில் வாங்கி, தன் படத்துக்குக் கீழே இருந்த ஒரு எழுத்துப் பிழையைச் சுழித்துக் காட்டினார். மறுவாரம் அவரும் போனார்.

அத்தோடு படத்துக்கும் சாவுக்கும் தெரு முடிச்சுப் போட்டுவிட்டது. ஆனால் நாவலில் வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை! நாவலில் படம் கிடையாது, பெயர் மட்டும்தான். எங்கள் பைண்டர் மைக்கேல் அண்ணனை ஒரு நாவலில் கப்பல் கேப்டனாக்கினார். அவரைச் சுறா கடித்தது, கப்பல் கவிழ்ந்தது, தீவில் தீப்பிடித்தது. மைக்கேல் அண்ணன் என்னவோ கல்லாட்டம் இருந்தார். நூறடி ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் அவர் மேல் மோதியது. ஸ்கூட்டரைத்தான் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனார்கள்.

அதிலிருந்து மூஞ்சிக்காரர் தெருவில் கால் வைத்தால் ஒரே குரல்தான்: “ஏனுங்க, எங்களைய நாவல்ல போட்டுருங்க. சரித்திரம் வேண்டாமுங்க!”

நான் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன். கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. அவர் படங்களை ஸ்கேன் செய்வதும் நான்தான். ஒரு ஆடி மாதம், காற்று ஷட்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த காலை வேளையில், புதிய சரித்திரத்தின் அரசவைப் படத்தை ஸ்கேனரில் வைத்தேன். திரையில் மேலிருந்து கீழாகப் படம் இறங்கியது. சிம்மாசனத்தில் ரங்கண்ணன். பக்கத்தில் டைம்கீப்பர். ஓலையோடு வாத்தியார். மூன்று பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவர்கள் பார்த்த இடத்தில் அமைச்சர் ஆசனம். அதில் நான்.

என் இரட்டைத் தாடை. என் மூக்குத் தழும்பு. நிறம் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. முகம் வெறும் காகித வெள்ளையாக இருந்தது. ரங்கண்ணனின் உதடு லேசாகப் பிரிந்திருந்தது. செத்தும் எங்கள் ஊர்க்காரர் அல்லவா, “வாங்க, உக்காருங்க” என்கிற மாதிரியே இருந்தது.

எமனை ஏமாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வித்தை போட்டோஷாப். அமைச்சருக்கு இடுப்பு வரைக்கும் தாடி வைத்தேன். போதாதென்று ஒரு கண்ணைக் குருடாக்கினேன்.

மைக்கேல் அண்ணன் எட்டிப் பார்த்தார். “நாச்சிமுத்து, வர்ற ஞாயித்துக்கெழமை கோயில்ல உனக்கொரு மெழுகுவத்தி ஏத்தறேன்.”

“உசுரோட இருக்கறவனுக்குங்களா, போனவனுக்குங்களா?”

“ரெண்டுக்கும் ஒரே மெழுகுவத்திதான் தம்பி.”

வீட்டில் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, தாடை கடுத்தது. எல்லாம் பயம் என்று நினைத்துக்கொண்டேன். “படத்துல மூஞ்சி வந்தா ஊருக்கே மிட்டாய் குடுப்பாங்க. நீங்க எதுக்குங்க இப்படி வேர்த்து ஊத்தறீங்க?” என்றாள் என் வீட்டுக்காரி.

புரூஃப் பார்க்க வந்த மூஞ்சிக்காரர் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். சிரிக்கவில்லை. “தாடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டீங்களா கண்ணு?” என்றார் மெதுவாக. “ஊட்டுக்கு ஒருக்கா வாங்க. உங்க நிறத்தை இன்னும் முடிக்கலைங்க.”

‘முடிக்கலைங்க’ என்ற சொல்லோடு மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். நாலாம் நாள் மத்தியானம் அன்னூர் போனேன், காலில் விழுந்தாவது நாவலுக்கு மாற்றல் வாங்கிவிடலாம் என்று.

ஊருக்கு வெளியே சோளக்காட்டு நடுவில் தனி வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே காலெடுத்து வைத்ததும் மின்விசிறி தானாக நின்றது. கரண்ட் போயிருக்கிறது என்று அறிவு சொன்னது. கால் வாசலில் விட்ட செருப்பைத் தேடியது. நாலு சுவரிலும் முகங்கள், போனவர்கள் உட்பட அவர் பார்த்து வரைந்து ஊசியில் குத்திய காகிதங்கள். சோளக்காட்டில் காற்று புரளும் சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் காற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அத்தனை முகங்களும் ஒருசேரத் தலையாட்டின.

“ஐயா!” என்று கூப்பிட்டேன். என் குரலா அது, ஆட்டுக்குட்டி குரல்.

“சித்தெ இருங்க, வாரேன்” என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது. எந்த முகம் பேசியது என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஐயா, நீங்க வரைஞ்சவங்க எல்லாம் செத்துப்போறாங்க. என்னைய நாவலுக்கு மாத்திருங்க. எத்தனை முதலைன்னாலும் செரி!”

அவர் உட்கார்ந்தார். “வரைஞ்சதால போகலைங்க கண்ணு. ஒரு மூஞ்சி மாறிக்கிட்டே வந்தா என் கை சும்மா இருக்கறதில்லை. அதுக்குள்ள புடிச்சு வெச்சுக்கோணும்னு தோணிப்போகுது.”

இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டுமாம். யோசித்துப் பாருங்கள். இவர் எமனல்ல, எமனுக்கு முன்னால் வருகிற தபால்காரர்!

மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஐந்து வண்ணப் பட்டைகள். “இது உங்க நிறங்க. வாரம் ஒருக்கா பார்த்துட்டு வந்து கலக்குனது.” முதல் பட்டை நல்ல மாநிறம். ஒவ்வொன்றாக மங்கி, ஐந்தாவது பட்டை அடுப்புச் சாம்பல். “ஒரு வாரம் கலக்குன நிறம் மறுவாரம் ஒத்துப்போக மாட்டேங்குது. படியேறி வந்தா தாடையத் தடவறீங்க. ரங்கண்ணனும் இப்படித்தான் தடவுனாரு.”

“அவர்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேங்க. ‘ராசாவாக்கிப்போட்டு சீக்காளியாக்கறீங்களே’ன்னு சிரிச்சுப்போட்டாரு. அப்புறம் மத்த ரெண்டு பேருகிட்டயும் சொல்றதுக்கு வாய் வரலீங்க.” சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “நாளைக்குக் காத்தால ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க. நானும் வாரேன். வர்றேன்னு சொல்லாட்டி இங்கிருந்து உங்களைய உட மாட்டேன்.”

போனோம். டாக்டர் நெஞ்சுக்குள் எடுத்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “எப்படி நடந்து வந்தீங்க?” என்றார். பஸ்ஸில் வந்தோம் என்று சொன்னேன். இருதய இரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. இப்போதே உள்ளே போகவேண்டும் என்றார்கள். அருணாக்கயிற்றைக்கூட நர்ஸம்மாதான் கழற்றினார்.

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து நின்ற மூஞ்சிக்காரர் பையிலிருந்து பாதி எழுதிய நாவலை எடுத்து, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். மாலுமி நாச்சிமுத்து நடுக்கடல் சுழலுக்கு மேலே ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறான். கயிறு இழை இழையாக அறுகிறது. கடைசி இழை...

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. “அப்புறம் என்னாச்சுங்க?” என்று கத்தினேன்.

“வெளிய வாங்க, சொல்றேன்!”

கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஜில்லென்ற அறையில், முகமூடிகளுக்கு நடுவில், அந்தப் பாழாய்ப்போன கயிற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அரசவைப் படத்தில் என் முகத்தை அவர் வெள்ளை பூசி அழித்துவிட்டார். புத்தகத்தில் மூன்று பேரும் இன்னும் ஒரு காலி ஆசனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் வந்தால் நான் இரண்டு தாளாகப் புரட்டிவிடுவேன்.

உடம்பு தேறியதும் அந்த நாவலை டைப் செய்ய என்னிடமே கொடுத்தார்கள். கயிறு அறுகிற அத்தியாயத்துக்கு அடுத்ததை எடுத்தேன். முத்து முத்தாக எழுதுகிறவர்; அந்த அத்தியாயத்தில் மட்டும் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. “நீங்க உள்ள இருந்த நேரம் பூராவும் அவரு தலையே நிமிரலைங்க. பெஞ்சில உக்காந்து எழுதிட்டே இருந்தாரு” என்றாள் என் வீட்டுக்காரி.

கயிறு அறுந்தது, ஒரு பாய்மரத்தைப் பிடித்து நாச்சிமுத்து பிழைத்தான். பாய்மரம் முறிந்தது, பிழைத்தான். திமிங்கிலம் வந்தது, பிழைத்தான். இடி விழுந்தது, பிழைத்தான். ஒரே அத்தியாயத்தில் பதினோரு தடவை.

“ஒரு தடவை பொழச்சா பத்தாதா? மிச்சத்தை வெட்டிப்போடு” என்றார் முதலாளி.

நான் ஒன்றைக்கூட வெட்டவில்லை.