ஒரு பொன்னாடை, இரண்டு தோள்

ஆய்வு அதிகாரி இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார். ஓசூர் எழுத்தாளர் குடியிருப்பில் பேருக்குக்கூட ஓர் எழுத்தாளர் இல்லை. சங்கச் செயலாளர் சௌந்தரராஜன் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

எழுத்தாளர்களுக்கென்று அரசு சலுகை விலையில் கொடுத்த மனைகள் அவை. அப்போது செயலாளராக இருந்த அவருடைய அப்பா நாயாய் அலைந்து வாங்கியவை. எழுத்தாளர் யாரும் குடியிருக்கவில்லை என்றால் இடம் திரும்பப் போய்விடும் என்பது நிபந்தனை. முதல் தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. வாரிசுகள் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரில் செட்டிலாகி, வீடுகளைக் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். அப்பா கட்டிய வீட்டிலேயே தங்கிவிட்ட சௌந்தரராஜன் இதுவரை எழுதியதெல்லாம் தண்ணீர் வரவில்லை என்ற மனுக்கள்தான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த, அங்கே வாடகைக்கு இருக்கும் தினேஷ்குமாரை மடக்கி, ஜிப்பா மாட்டி, சங்கக் கட்டட வாசலில் கவிஞராக உட்கார வைத்தார். உட்கார்ந்தவன் உடனே குறட்டை விட்டான். தூங்காமல் இருக்க ஏதாவது எழுதச் சொன்னார். அங்கேதான் வினை ஆரம்பித்தது. லேத் மிஷினைப் பற்றி நாலு வரி எழுதியவனுக்கு, அதை யாராவது கேட்டே தீரவேண்டும் என்றாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மாங்காய் மண்டி தஸ்தகீரைக் கூப்பிட்டு விமர்சகராக்கினார். அதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்டார். குறை சொன்னால் போதும் என்றார் சௌந்தரராஜன். மண்டியில் தினமும் அவர் செய்கிற வேலைதான் அது.

"பிஞ்சுப்பா இது. கல்லு வெச்சுப் பழுக்க வெச்சிருக்கே," என்றார் தஸ்தகீர்.

தினேஷ்குமாரின் முகம் கறுத்தது. "மாங்காய அமுக்கிப் பாக்குறவருக்குக் கவிதையப் பத்தி என்ன பாய் தெரியும்?"

சமாதானத்துக்காக, அதிகாரிக்கு வாங்கி வைத்திருந்த பொன்னாடையைச் சௌந்தரராஜன் கவிஞருக்குப் போர்த்தினார். விமர்சகர் கோபித்துக்கொண்டு எழுந்தார். உடனே அவர் தோளுக்கு அதை மாற்றினார். கவிஞர் விடவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது.

இறங்கிய அதிகாரி சத்யப்ரியா இருவரையும் நிதானமாகப் பார்த்தார்.

"இலக்கியக் கருத்து வேறுபாடு மேடம்," என்றார் சௌந்தரராஜன்.

அதிகாரி எதுவும் கேட்கவில்லை. எழுத்தாளர்கள் வசிக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடு தப்பியது. போன உயிர் திரும்பி வந்தபோது சௌந்தரராஜனுக்குப் பெருமையும் கூடவே வந்துவிட்டது. இவர்களெல்லாம் சின்ன எழுத்தாளர்கள் என்றார் அதிகாரியிடம். அப்பா காலத்து ஆட்களைப் பார்த்திருக்கவேண்டும் என்றார். அன்றைக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி, வாசலில் இருந்த நாவலாசிரியரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

சத்யப்ரியா ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"ஆமா சார், எங்க தாத்தா சொல்லியிருக்காரு. குவாரில கல்லு ஒடைச்சுக்கிட்டு இருந்த அவர உங்கப்பாதான் கூட்டிட்டு வந்து, அன்னிக்கி ஒரு நாள் நாவலாசிரியரா உக்கார வெச்சாராம்."