ரீட்பேக் ரயான்

மனிதன் கண்டுபிடித்தவற்றுள் மகத்தானது விமானம் என்று நினைப்பவர்கள் மரக்காணத்து ரயானைச் சந்தித்ததில்லை. விமானம் வெறும் தகரம். மகத்தானது ‘ரீட்பேக்’!

எந்தத் திசையில், எந்த உயரத்தில், எதுவரை போகலாம் என்று கட்டுப்பாட்டு அதிகாரி ரேடியோவில் அனுமதி தருவார். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லி, கடைசியில் விமானத்தின் எண்ணையும் சேர்க்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டுபவனுக்கு இந்த ரீட்பேக்தான் உயிர். ரயானுக்கு இன்னும் விமானம் வாய்க்காததால் தன் பெயரையே சேர்த்துக்கொள்வான்.

இந்தக் கலையில் அவனுக்கு நிகர் அவனே. விமானி உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றபோதுகூடத் தேர்வாளர், “வாய் கரெக்டா போச்சுப்பா, பிளேன்தான் வேற பக்கம் போச்சு” என்றார். ரயான் முதல் பாதியைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

நாளை மூன்றாவது, கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் மாமனாரின் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் டப்பா அடுக்க வேண்டியதுதான். ஆகவே வீட்டுக்கு எதிரே உப்பளத்தில் ‘இறுதிக்கட்டப் பயிற்சி’. வெளியே எதுவும் தெரியாதபடி தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டான். கையிலிருந்த போனில் திசைகாட்டி மட்டும் தெரிந்தது. வரப்புதான் வான்வழி. மொட்டை மாடியில் கட்டுப்பாட்டு அதிகாரி: மனைவி ஃபர்சானா.

“கிழக்கால நேரா போங்க. நான் சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க” என்றாள் இயர்போனில்.

“கிழக்கால நேரா போறேன், சொல்ற வரைக்கும் திரும்பமாட்டேன், ரயான்.”

“ரீட்பேக் கரெக்ட். அய்யய்யோ, சிலிண்டர்காரர் வந்துட்டாரு!”

“சிலிண்டர்காரர் வந்துட்டாரு, ரயான்.”

லைன் கட்டாகிவிட்டது.

ரயான் கலங்கவில்லை. தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. வெளியே கண்ணுக்குத் தெரிந்தால், பார்த்தே போய் இறங்கு. தெரியாவிட்டால், கடைசி அனுமதிப்படி போ. ரயானுக்கு வெளியே தெரியவில்லை. தொப்பி மறைத்திருந்தது.

கொஞ்ச தூரத்தில் வரப்பு தெற்கே திரும்பியது. வரப்புக்கு அனுமதி கிடைத்திருக்கலாம். ரயானுக்குக் கிடைக்கவில்லை.

சளக்!

“அடப்பாவி! வார்ற உப்பை மிதிச்சு சேறாக்கிட்டியே!” பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சவரியம்மாள் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “ஏம்பா, கண்ணு தெரியாதா?”

“நல்லா தெரியும்க்கா. தொப்பி போட்டிருக்கேன்.”

“கழட்டித் தொலையேன்!”

“பிளேன் ஓட்டறப்போ அதுக்கு அனுமதி வரணும்.”

போன் அடித்தது. “எங்க இருக்கீங்க?” என்றாள் ஃபர்சானா.

“எங்க இருக்கீங்க, ரயான்.”

“என் பாத்தியில நிக்குதும்மா உன் பிளேனு!” என்று கத்தினாள் சவரியம்மாள்.

ஃபர்சானா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, “தொப்பியைக் கழட்டிட்டு, வரப்பைப் பாத்து வீட்டுக்கு வாங்க.”

“தொப்பியைக் கழட்டிட்டு, வரப்பைப் பாத்து வீட்டுக்கு வர்றேன், ரயான்.”

ஒரு சொல் பிசகவில்லை. உச்சரிப்பும் அபாரம். அந்தப் பெருமிதத்தோடும், அதே தொப்பியோடும், அவன் அடுத்த பாத்திக்குள் காலை வைத்தான்.

“பெயிண்ட் டப்பா அடுக்க ஆள் ரெடின்னு எங்க அத்தாகிட்ட சொல்லிடறேன்” என்றாள் ஃபர்சானா.

கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நிமிர்ந்து நின்று, ரயான் தெளிவாகச் சொன்னான்:

“பெயிண்ட் டப்பா அடுக்க ஆள் ரெடி, ரயான்.”