மாட்டேன் டீச்சரிடம் ஒரு பூனை கேட்டோம்

இந்தச் சென்னையில் வசிக்கும் அத்தனை லட்சம் பேரில் என் ரத்தக் கொதிப்பை அதிகமாக ஏற்றியவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: மாட்டேன் டீச்சர். இது லேசுப்பட்ட பெருமை இல்லை. நான் சுலபத்தில் கோபப்படுகிறவன். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஈக்காட்டுத்தாங்கலில் என் ஆபீஸ் லிப்டில் முதல் மாடிக்கு ஏறுகிறவர்களைப் பார்த்தாலும் வரும். இத்தனை போட்டியிலும் டீச்சர்தான் முதலிடம். அந்த அம்மாளிடம் நான் கிட்னியா கேட்டேன்? ஒரு பூனை கேட்டேன். அதுவும் யாரோ வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போன பூனை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய தனி வீடு அவருடையது. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். வீடு நிறையப் பூனைகள், எப்படியும் நாற்பது இருக்கும். காலையும் மாலையும் அட்டெண்டன்ஸ் எடுப்பார். பூனைகளுக்கு மணி, குட்டி என்றெல்லாம் பெயர் கிடையாது. தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களையே வைத்திருந்தார், இனிஷியலோடு. ஏனென்றால் பாஸ்கரன்கள் இரண்டு பேர். கே. பாஸ்கரன், எஸ். பாஸ்கரன். எஸ். பாஸ்கரன் பெரும்பாலும் ஆப்சென்ட், பக்கத்து வீட்டு மதில்மேல் இருப்பான்.

எங்களுக்கு எதற்குப் பூனை என்றால், என் மகள் நிலாவுக்காக. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நாலு வருடத்தில் மூன்று வாடகை வீடு மாறியிருந்தோம். ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரு போகும், சிநேகிதிகள் போவார்கள், ஜன்னல் போகும். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "வீடு மாத்துறப்ப கூடவே வர்ற மாதிரி ஏதாவது வேணும்ப்பா" என்றாள். எனக்கு உடனே கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அதனால் பூனை தேடிக் கிளம்பினேன்.

மயிலாப்பூரில் ஆட்டோ ஏறி அட்ரஸ் சொன்னதுமே டிரைவர் கண்ணாடியில் எங்கள் மூவரையும் பார்த்தார்.

"பூனை வாங்கவா சார்? மாட்டேன் டீச்சர் வூடு அது. குடுக்காது. நானே எத்தினி பேரை இட்டாந்து உட்டுகீறேன், அல்லாரும் வெறுங்கையோடதான் ரிட்டர்ன்."

பெயர்க் காரணம் போனவுடன் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். சோபா நிறத்துக்குப் பொருத்தமாகப் பூனை கேட்டார்கள். மாட்டேன் என்றார். அடுத்து ஒரு பையன், காதலிக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றான். மாட்டேன். அதற்கு அடுத்தது நாங்கள்.

நான்கு பக்க விண்ணப்பம் ஒன்றைக் கையில் கொடுத்தார். நிலாவை ஸ்கூலில் சேர்க்கும்போதுகூட இரண்டு பக்கம்தான். 'வீட்டில் அதிகம் கோபப்படுகிறவர் யார்?' என்று ஒரு கேள்வி. நான் அதைக் காலியாக விட்டேன். என் மனைவி வாங்கி, 'அப்பா' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

பிறகு பூனைகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. மனைவிக்கு வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக இருந்த உமாமகேஸ்வரியைப் பிடித்துவிட்டது. எனக்குக் கடிக்காத எதுவும் சம்மதம். நிலா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பழுப்பு நிறத்தில், ஒரு காது கிழிந்த பெரிய பூனை ஒன்று நேராக நடந்து வந்து அவள் முழங்காலில் முட்டியது. விலகிப் போகாமல் முட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கே. பாஸ்கரன். அதற்குப் பிறகு அவள் வேறு பூனையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இதான்ப்பா" என்றாள்.

டீச்சர் பேனா மூடியைத் திறந்து கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"சைவமா, அசைவமா?"

வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் இது புரியும். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். நல்ல வேளை, நாங்கள் பிறந்ததிலிருந்தே சைவம். மூன்று வீடுகளின் சாவியும் அந்த ஒரு பதிலில்தான் கிடைத்தது. பல்லெல்லாம் தெரியச் சொன்னேன்.

"சுத்த சைவம் டீச்சர். முட்டைகூடத் தொடமாட்டோம்."

"அப்ப மாட்டேன்" என்றார் டீச்சர்.

மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் சைவம் என்று சொல்லித் துரத்தப்பட்ட ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். நான் குதித்தேன். பாலும் தயிரும் தாராளமாகப் போடுவோம் என்றேன். அவ்வளவுதான், டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கே. பாஸ்கரனைத் தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இவன் கண்ணைப் பாருங்க நிலா அப்பா. எட்டு மாசம் ஒரு வீட்ல தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்த்தாங்க. மீன், கறி இல்லாம பாதிப் பார்வை போச்சு. அப்புறம் முட்டி முட்டி நடக்குறான், பூஜை சாமானைத் தள்றான்னு திருப்பிக் கொண்டாந்து விட்டாங்க. ரசீது இருந்தா பணத்தையும் திருப்பிக் கேட்டிருப்பாங்க."

வழியெல்லாம் ஆட்டோவில் திட்டிக்கொண்டே வந்தேன். பூனைக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை என்றேன். ஊரில் பூனைக்கா பஞ்சம் என்றேன். நிலா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெளியே பார்த்தபடி, "அது முட்டினது கண்ணு தெரியாமயாப்பா?" என்று மட்டும் கேட்டாள். 

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை நான் திட்டத்தோடு போனேன். டாக்டர் சொல்லிவிட்டார், குடும்பமே மீனுக்கு மாறிவிட்டோம் என்று அளந்துவிட்டேன். டீச்சர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ரொம்ப சந்தோஷம். நெத்திலியை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

நான் தயாராகத்தான் இருந்தேன். முந்தின நாள் வீடியோ பார்த்திருந்தேன்.

"முதல்ல ஓட்டை உரிச்சிடுவோம் டீச்சர்."

நெத்திலிக்கு ஓடே கிடையாது, நான் பார்த்தது இறால் வீடியோ என்று எனக்கு யார் சொல்வது? டீச்சர் என் விண்ணப்பத்தை எடுத்து, சிவப்பு மையால் ஒரு முட்டை போட்டார். முப்பது வருட அனுபவம், கோணல் இல்லாத வட்டம். நாற்பத்தைந்து வயதில், பெண்டாட்டி பிள்ளை எதிரில், கணக்கு டீச்சரிடம் முட்டை வாங்கினேன்.  நான் கோபப்பட ஆரம்பிப்பதற்குள் நிலா பேசிவிட்டாள்.

"அப்பா பொய் சொல்றாங்க டீச்சர். எங்க வீட்ல யாரும் மீன் சாப்பிட மாட்டோம். மீன் வாங்கினா ஓனர் தாத்தா காலி பண்ணச் சொல்லிடுவார். ஆனா பாஸ்கரனுக்கு மட்டும் நான் குடுத்துடுவேன். எப்படின்னு தெரியல. குடுத்துடுவேன்."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். ஒரு கையில் கூடை, கூடைக்குள் கே. பாஸ்கரன். இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு இடைவெளி பார்த்தார். ஜன்னல்களை ஆட்டினார். பாஸ்கரனை ஹாலில் இறக்கிவிட்டார். அவன் டிவி ஸ்டாண்டில் முட்டி, நாற்காலியில் முட்டி, நிலாவிடம் போய்ச் சேர்ந்தான். பிறகு டீச்சர் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார். வேகவைத்த சங்கரா மீன்.

"நீங்கதானே மீனுக்கு மாறினவர்? முள்ளை எடுத்துட்டு நீங்களே வைங்க."

ஜென்மத்தில் மீனைத் தொட்டவனில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு முள் எடுக்க ஆரம்பித்தேன். என் மனைவி சிரிப்பை மறைக்கச் சமையலறைக்குள் போய்விட்டாள். இரண்டாவது முள்ளுக்குள் கீழ் வீட்டுக்கு வாசனை போய்விட்டது. மூன்றாவது முள்ளுக்கு ஹவுஸ் ஓனர் மாமா வாசலில் நின்றார்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கும். "என்ன சார் இது, அக்ரிமெண்ட்லயே போட்டிருக்கோமே. நம்மாத்துல இதெல்லாம் வரப்படாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அதை எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ" என்றார்.

டீச்சர் அவரை ஒரு பிடி பிடிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார். நிலா பூனைமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

நாலு வருடமாக ஹவுஸ் ஓனர்களிடம் நான் பம்மிக்கொண்டிருந்தேன். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, சரி மாமா. விருந்தாளி தங்கக்கூடாது, சரி மாமா. குழந்தை நடந்தால் கீழே சத்தம் கேட்கிறது, சரி மாமா. அதற்காகவே நிலாவுக்கு வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கச் சொல்லிக் கொடுத்திருந்தோம். சமர்த்தாகப் பழகிக்கொண்டாள். ஒன்பது வயதுக் குழந்தை தான் குடியிருக்கும் வீட்டுக்குள் திருடன் மாதிரி நடக்கிறது, நான் அதைச் சமர்த்து என்று மெச்சியிருக்கிறேன். லிப்டில் போகிறவன்மேல் வந்த கோபம், ரோட்டுப் பள்ளத்தின்மேல் வந்த கோபம் எல்லாம் எங்கே போயிருக்க வேண்டியது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"எடுத்துட்டுப் போகச் சொல்ல மாட்டேன் மாமா" என்றேன்.  கையில் இன்னும் மீன். "இது மீன் சாப்பிடலைன்னா மிச்சக் கண்ணும் போயிடும். இந்த வீட்ல இருக்கிற வரைக்கும் சாப்பிடும். உங்களுக்கு ஒத்து வரலைன்னா நாங்க காலி பண்ணிக்கிறோம்."

"ஒரு பூனைக்காக ஆத்தை விடுவாளா யாராவது?"

"விடுவோம்" என்றாள் என் மனைவி, சமையலறை வாசலிலிருந்து.

மாமா இரண்டு மாத அவகாசம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.  டீச்சர் பாராட்டுவார் என்று திரும்பினேன். அவர் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிலா அப்பா, வால் பக்கம் இன்னும் ரெண்டு முள் இருக்கு. தொண்டையில மாட்டினா யார் பதில் சொல்றது?"

அப்புறம்தான் ரெஜிஸ்டரை எடுத்து, கே. பாஸ்கரன் பெயருக்கு நேராக நிலாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என்னைச் சாட்சியாகக்கூடப் போடவிடவில்லை.

இரண்டு மாதம் வீடு தேடி நாய் படாத பாடு பட்டோம். வீட்டில் நாலு பேர், அதில் பாஸ்கரன் மட்டும் அசைவம் என்று சொன்னதும் பத்துக் கதவு மூடிக்கொண்டது. கடைசியில் கோபாலபுரத்தில் ஒரு இரண்டாவது மாடி கிடைத்தது. சாமான் டெம்போ முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் பின்னால் போனோம். முந்தின மூன்று தடவையும் அழுதவள், இந்த முறை கூடைமேல் குனிந்துகொண்டு, இப்ப சிக்னல், இப்ப பாலம், இப்ப லெஃப்ட்டு என்று வழியெல்லாம் பூனைக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவனுக்குச் சரியாகக் கண் தெரியாதாம்.

மூன்று வருடமாகிறது. மாதாமாதம் முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்துவிடுவார். பாஸ்கரனை எடை போடுவார், ஃபிரிட்ஜைத் திறந்து மீன் என்றைக்கு வாங்கியது என்று விசாரிப்பார், என் கை நகத்தைப் பார்ப்பார். போனபின் அரைமணி நேரம் நான் பொருமுவேன்.

போன சனிக்கிழமை வரவில்லை. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பால்கனிக்கும் வாசலுக்கும் நான் எத்தனை நடை நடந்தேன் என்று என் மனைவி எண்ணிச் சொன்னாள். போன் பண்ணினால், மூட்டு வலியாம், இரண்டு மாடி ஏற முடியாதாம், இனிமேல் நாங்களே எடை பார்த்துச் சொன்னால் போதுமாம். எனக்கு வந்ததே கோபம். மூட்டு வலி என்றால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? யாரைக் கேட்டு இப்படி முடிவெடுத்தார்? அதே கோபத்தோடு ஆட்டோ பிடித்துப் போய், வரமாட்டேன் என்றவரை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடிச் சுவர் சரியில்லை, படியில் தூசி, நீங்கள் வேகமாக ஏறுகிறீர்கள் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு விழுந்தது. மெதுவாகவே ஏறினோம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.