கிராம் அண்ணனின் குடைத்துணித் தூளி

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்துவிட்டு, பெரிய பாரம் இறங்கியதுபோல் பெருமூச்சு விட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கிராம் அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. உத்திரமேரூரில் நான் கணக்கெழுதும் அரிசி ஆலையை ஒட்டிய எடைமேடையில் அவருக்கு வேலை. நாளெல்லாம் நெல் லாரிகளை டன் கணக்கில் எடை போடுவார். வீட்டுக்குப் போனதும் குட்டித் தராசு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானை நிறுப்பார். பகலில் டன்னில் பட்ட அலுப்பை கிராமில் தீர்த்துக்கொள்கிறார் என்று ஆலையில் பேசிக்கொள்வோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் போனில் பார்த்த ஒரு வீடியோ. எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் காட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி, மேலே மெல்லிசாக ஒரு தார்ப்பாயை விரித்து, கொட்டும் மழையில் குறட்டை விட்டுத் தூங்குகிறான். எழுந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி ஒரு சின்னப் பைக்குள் திணித்துக்கொண்டு நடக்கிறான். அன்றிலிருந்து அண்ணனுக்கு வீட்டுக் கட்டில் கசந்துவிட்டது.

"நம்ம மில்லு தார்ப்பாய தூக்க ரெண்டு ஆளு வோணும். நான் பண்ணப்போறது ஒரு லுங்கி வெய்ட்டுகூட இருக்காது, பாத்துக்கினே இரு" என்றார் என்னிடம்.

பஜாரில் துணிக்கடை பாயிடம் போய்க் குடைத்துணி கேட்டார். ஒவ்வொரு சுருளிலும் துண்டு வெட்டச் சொல்லித் தராசில் வைத்துப் பார்த்தார். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "இன்னா நைனா, துணி வாங்கறியா, தங்கம் வாங்கறியா?" என்று கேட்டேவிட்டார்.

தைத்தது மனைவி வள்ளி அண்ணியின் மெஷினில். அண்ணி ஊருக்கே ரவிக்கை தைப்பவர். முகூர்த்த மாதம். வெட்டிய துணிகள் ஒரு பக்கம் குவிந்து கிடக்க, அண்ணன் பாட்டுக்குத் தூளிக்கும் தார்ப்பாய்க்கும் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். ஊசி போன ஓட்டையிலெல்லாம் சிலிகான் பசை தடவியதில், வீடு ஒரு வாரம் புளித்துப்போன வாடை அடித்தது.

முதல் சோதனை வீட்டு வாசலில் நடந்தது. தூளியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையை மொபெட்டிலும் கட்டி, ஏறிப் படுத்தார். மொபெட்டும் கூடவே வந்து பக்கத்தில் படுத்தது.

அடுத்த சோதனை ஏரிக்கரை அம்மன் கோயில் பக்கம். வேப்பமரத்துக்கும் புங்கமரத்துக்கும் நடுவே தூளியைக் கட்டிவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் தூளி முழுக்க மஞ்சள் குங்குமம். பக்கத்துக் கிளையில் யாரோ ஒரு குட்டி மரத்தொட்டிலையும் கட்டிவிட்டிருந்தார்கள். கும்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கண் கலங்கிச் சொன்னாள்: "இம்மாம் பெரிய தொட்டில் கட்டிக்கிறாங்களே, எத்தினி வருஷமா ஏங்கினாங்களோ, பாவம்!"

சேதி அண்ணியின் காதுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை.

"ரெண்டு பொண்ணு காலேஜ் படிச்சிக்கினு கீது. இந்த வயசுல இன்னாத்துக்குய்யா உனுக்குத் தொட்டில்?"

அண்ணன் அதற்கெல்லாம் அசரவில்லை. பையின் எடையை மேலும் குறைப்பதில் மும்முரமாக இருந்தார். மீந்த கயிறு, சட்டையின் லேபிள், சீப்பில் பாதி என்று ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் கத்தரிக்கோலோடு தன் இடுப்பு அரைஞாண் கயிற்றுக்கே போய்விட்டார். அண்ணி பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அர்ணாக்கயித்த அறுக்கறது செத்த அன்னிக்கிதான்யா! அத்துல கை வெச்சே, வூட்டுக்குள்ள கால் வெக்காதே!"

அதோடு நிற்கவில்லை. ஒரு நிபந்தனையும் போட்டார். "அடுத்த மழைக்கு ஏரிக்கரையில இத்துல படு. நனையாம எய்ந்து வந்தின்னா வெச்சிக்கோ. ஒரு பொட்டு நனைஞ்சாலும் மொத்தத்தையும் வெட்டி ஜாக்கெட்டு குடுக்கற பை தெச்சிடுவேன்."

அண்ணனின் முகம் செத்துப்போனது. நடுவராக என்னைப் போட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. அண்ணன் தூளியில் ராஜா மாதிரி கிடந்தார். நானும் அண்ணியும் ஒரு குடைக்குள் பாதிப்பாதி நனைந்துகொண்டு நின்றோம். தார்ப்பாய் சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் வேப்பமரத்தில் வழிந்த தண்ணீர், தூளி கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு துளித்துளியாக அண்ணனின் தலைமாட்டை நோக்கி நகர ஆரம்பித்தது.

அதை முதலில் பார்த்தது அவர்தான். துள்ளி உட்கார்ந்தார்.

"நடுவுல ஒரு துண்டுக் கயிறு கட்டித் தொங்கவுட்டா தண்ணி அத்தோட கீய எறங்கிடும்!"

"கட்டுங்கண்ணா!"

"கயிறு இல்லியே! வெய்ட்டுன்னு எடுத்துட்டேனே!"

துளி நெருங்கியது. அண்ணனின் கை லுங்கிக்குள் போனது. "யோவ், வாணாம்யா!" என்று அண்ணி அலறுவதற்குள் அரைஞாண் கயிறு வெளியே வந்துவிட்டது. பல்லால் கடித்து இரண்டாக்கித் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றும் கட்டி, வால் மாதிரி தொங்கவிட்டார். அடுத்த துளி முடிச்சு வரை வந்தது. ஒரு கணம் யோசித்தது. வாலைப் பிடித்து இறங்கிச் சேற்றில் விழுந்தது. பின்னால் வந்தவையும் அதே வழியில் போயின.

மழை விட்டதும், குழந்தை ஈரம் பண்ணியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல அண்ணி தூளிக்குள் கைவிட்டுத் தடவினார். அண்ணனின் முதுகையும் தடவினார். எல்லாம் காய்ந்துதான் இருந்தது. தீர்ப்பு சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "வண்டில ஏறுய்யா" என்றார் அண்ணி, அண்ணனிடம்.

பின்னாலேயே நானும் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கறுப்புக் கயிறு நீளமாக வாங்கினார் அண்ணி. கடைக்காரரிடமே கத்தரி வாங்கி இரண்டாக வெட்டினார்.

"இது இடுப்புக்கு. இது உன் தூளிக்கி. இனிமேட்டு அத்த அறுத்தே..." அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கயிற்றை வைத்து எடை பார்த்தார். எத்தனை கிராம் என்று சொல்லித் தொலைக்கப் போகிறாரே என்று எனக்கு உதறல்.

"வெய்ட்டே இல்ல, வள்ளி" என்றார்.

அரிசி ஆலையில் இருப்பவனுக்கு வானம் கறுத்தால் களத்தில் காயும் நெல்தான் முதலில் ஞாபகம் வர வேண்டும். எனக்கு இப்போதெல்லாம், அந்த மனுஷன் நனையாமல் இருக்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றுகிறது.